மரத்தரையில் உரசல் தடங்கள்: அறிகுறியைப் பார்த்து நீக்கும் வழி

நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாங்கியது 1950களில் கட்டிய பழைய வீடு. வாங்கியபோது அறை முழுக்கக் கம்பளம். அதை உரித்து எடுத்தால் கீழே இரண்டேகால் அங்குல அகலத்தில் சிவப்பு ஓக் பலகைகள் வரிசையாகக் கிடந்தன. ஆணி ஓட்டைகளை அடைத்து, தரையை இழைத்து, பொலியூரிதேன் என்ற தெளிந்த பாதுகாப்புப் பூச்சைப் பூசி எடுத்தோம். அந்தத் தரையில்தான் இப்போது அம்மா நடக்கிறா, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், நவராத்திரிக்கு மேசை இழுபடுகிறது. விழக்கூடிய தடங்கள் எல்லாமே அதில் விழுந்துவிட்டன. அநேகமானவற்றை எடுத்துவிட்டேன். ஒன்றிரண்டை நான் தேய்த்தே கெடுத்தும் இருக்கிறேன். அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் தடத்தால் கெட்ட தரையைவிடத் தேய்த்துக் கெட்ட தரையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் சப்பாத்துப் போடாதவர்கள் நாங்கள், எங்களுக்கு எப்படி உரசல் தடம் வரும் என்று பலர் கேட்பார்கள். அம்மாவின் வோக்கர், ஊரிலிருந்து வருகிறவர்களின் சூட்கேஸ் சில்லு, சாப்பாட்டு மேசைக் கதிரைகள், பிறந்தநாளுக்கு இழுத்து ஒதுக்கும் சோபா, பிள்ளையின் விளையாட்டுக் கார் எல்லாம் தடம் போடும். பனிக்காலத்தில் குளிர்சாதனப் பெட்டி திருத்த வருகிறவர் சப்பாத்தைக் கழற்றாமல் நடந்தால் அதுவும் சேரும்.

கையில் துணி எடுக்க முன்னர்

எந்தத் தடமானாலும் ஒரு கேள்விக்கு முதலில் பதில் வேண்டும்: அது பூச்சின் மேலே ஒட்டிக்கிடக்கிறதா, பூச்சுக்குள் விழுந்த காயமா, பூச்சைத் தாண்டி மரத்துக்குள் போய்விட்டதா? முதலாவது துடைத்தால் போகும். இரண்டாவதை மறைக்கலாம். மூன்றாவதற்கு எவ்வளவு தேய்த்தாலும் பயன் இல்லை, பூச்சுத்தான் மேலும் போகும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு ரோச் லைற்றைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். மேலே ஒட்டியது மேடாகத் தெரியும், கீறல் பள்ளமாக நிழல் விழுத்தும். அப்புறம் விரல் நகத்தைத் தடத்துக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல செய்தி. தடுக்கி நின்றால் அது கீறல். மூன்றாவதாக, தடத்தின் மேல் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. சில நிமிடத்தில் துளி பரவி, அந்த இடம் கறுத்து ஈரம் இறங்கினால் பூச்சு தேய்ந்து மரம் வெளியே வந்துவிட்டது.

தரை எந்த வகை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முழு மரப்பலகை என்றால் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. தடிப்பு இருக்கும். சூடுகாற்று வரும் தரைத்துளையின் மூடியைக் கழற்றிப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே மெல்லிய மரப்படை, கீழே ஒட்டுப்பலகை அடுக்கு என்றால் அது எஞ்சினியர்ட் வகை. மரத்தின் படம் அச்சடித்த தாளுக்கு மேலே கண்ணாடி மாதிரிப் படலம் என்றால் அது லமினேற், அதில் மரமே மேலே இல்லை. லமினேற்றை இழைக்க முடியாது, அதற்கு மேல் புதிதாகப் பூசவும் முடியாது. ஆகவே அதில் சுரண்டும் வேலையே வேண்டாம்.

பழைய வீடு என்றால் பூச்சையும் சோதியுங்கள். அலுமாரிக்குப் பின்னால் யாரும் பார்க்காத மூலையில் ஒரு துளி தண்ணீரைப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்தால் அது மெழுகுத் தரை. இன்னொரு மூலையில் மருந்துக்கடை அல்ககோல் ஒரு சொட்டு வையுங்கள். பூச்சு பிசுபிசுத்துக் கரைந்தால் அது ஷெல்லாக், அதாவது அரக்குப் பூச்சு. இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் பொலியூரிதேன். கீழே நான் சொல்வது அநேகமாக இந்தக் கடைசி வகைக்கு. மெழுகுத் தரைக்குத் தண்ணீர் கூடாது, ஷெல்லாக்குக்கு அல்ககோல் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

அறிகுறி: கறுப்புக் கோடு, நகத்தில் தட்டுப்படவில்லை

இதுதான் உண்மையான உரசல் தடம். அம்மா வோக்கர் பிடிக்கத் தொடங்கிய முதல் மாதம் அவவின் அறையிலிருந்து குசினி வரைக்கும், கட்டைவிரல் நீளத்தில், இரண்டு வரிசைக் கறுப்புக் கோடுகள் விழுந்தன. வளைவில் மட்டும் அவை நீண்டு பிறை மாதிரி வளைந்திருந்தன, அந்த இடத்தில் அவ வோக்கரைத் தூக்காமல் இழுத்துத் திருப்புவா.

கறுப்பு றப்பரில் கார்பன் கரித்தூள் கலந்திருக்கும். றப்பரை உறுதியாக்க அதைச் சேர்க்கிறார்கள். றப்பர் தரையில் இழுபடும்போது உராய்வுச் சூட்டில் மேல்தோல் இளகி, மெல்லிய படையாகப் பூச்சில் அப்பிக்கொள்கிறது. ஆகவே தரைக்கு ஒன்றும் ஆகவில்லை, றப்பரில் கொஞ்சம் தரையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்கத் தரையைச் சுரண்ட வேண்டியதில்லை.

முதலில் தும்புத்தடியால் கூட்டுங்கள் அல்லது வாக்குவம் பிடியுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். மண்துணிக்கை ஒன்று துணிக்கடியில் இருந்தால் நீங்கள் துடைக்கும் ஒவ்வொரு இழுவையும் ஒரு கீறல். அதற்குப் பிறகு மென்மையானதில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுங்கள். தடம் போன படியில் நின்றுவிடுங்கள்.

காய்ந்த மைக்ரோபைபர் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, பலகையின் இழை ஓடும் திசையில் அழுத்தித் தேய்த்தால் புதுத் தடம் பாதிக்கு மேல் போய்விடும். போகாவிட்டால் பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோகும் வெள்ளை அழிறப்பரை எடுங்கள். நிறமுள்ள அழிறப்பர் வேண்டாம், அதன் சாயம் ஒட்டும். எங்கள் வீட்டில் வேலையில் பெரும்பகுதியைச் செய்தது இந்த அழிறப்பர்தான். சின்னச் சின்ன இழுவையாக அழித்தால் தடத்தில் இருந்த கறுப்பு, அழிறப்பர்ச் சுருளோடு சேர்ந்து புழு மாதிரி உருண்டு வரும். அந்தச் சுருள் கறுப்பாக வரும் வரைக்கும் றப்பர் இருக்கிறது, வெள்ளையாக வரத் தொடங்கினால் முடிந்தது. இடம் பெரிதாக இருந்தால் சுத்தமான ரெனிஸ் பந்து நல்லது. பழைய தும்புத்தடிக் கம்பின் நுனியில் பந்தைக் குத்தி வைத்துக்கொண்டால் குனியாமல் நின்றபடியே தேய்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

இன்னும் இருந்தால் துணியை இலேசாக நனைத்து, தரைக்கென்று விற்கும், அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைச் சுத்திகரிப்பானில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். இதற்கும் அசையாத பழைய தடத்துக்கு மினரல் ஸ்பிரிட்ஸ் என்ற பெற்றோலியக் கரைப்பான். கனடாவில் கடைக்காரரிடம் வார்சோல் என்று கேட்டால் போதும். துணியின் நுனியில் மட்டும் தொட்டுத் தடத்தில் வைத்துப் பத்து எண்ணிவிட்டுத் துடையுங்கள். நன்றாக இறுகிய பொலியூரிதேனை அது ஒன்றும் செய்யாது. யன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, ஊதுபத்தி, குத்துவிளக்கு எதுவும் எரியக்கூடாது. சாமியறைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனித்தே ஆகவேண்டும். துணியைக் குப்பைக்கூடையில் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

சில இடத்தில் றப்பர் கோடாக இல்லாமல் தடித்த பொட்டாக ஒட்டியிருக்கும். அதைக் காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பால் இழையோடு சேர்த்துத் தள்ளி எடுத்துவிட்டு மிச்சத்தை அழிறப்பரால் முடியுங்கள். கத்தி வேண்டாம்.

அப்பச்சோடாவை எல்லாரும் சொல்வார்கள். ஈரத்துணியில் ஒரு சிட்டிகை தொட்டு மெதுவாகத் தேய்த்தால் வேலை செய்யும், ஆனால் அது சின்னத் துகள், இலேசாக அரைக்கும். பளபளப்பான பூச்சில் அழுத்தினால் மங்கும். பூச்சு தேய்ந்து ஓக் மரம் வெளியே தெரியும் இடத்தில் அதை வைக்கவே கூடாது, காரம் பட்டால் ஓக்கிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் கறுக்கும். பற்பசையும் அரைக்கும் சாமான்தான். நகப்பூச்சு நீக்கி சில பூச்சுகளைக் கரைத்தே விடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பான் தடத்தை எடுத்தாலும் வழுக்கலை விட்டுவிட்டுப் போகும். வயதானவர்கள் நடக்கும் வீட்டில் அந்த ஆபத்து எந்தத் தடத்தையும்விடப் பெரியது.

அறிகுறி: கறுப்பு போய்விட்டது, ஆனால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி மின்னுகிறது

இது நான் செய்த பிழை. மெலமின் நுரைத்துண்டு, வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருக்கும், கடையில் மாய அழிப்பான் என்ற பெயரில் கிடைக்கும். தொட்டால் மென்மை. ஆனால் அந்த நுரையின் எலும்புக்கூடு கடினமானது, மிக நுண்ணிய சான்ட்பேப்பர் மாதிரி வேலை செய்யும். தடம் போவதற்குக் காரணமே அதுதான்: கறையோடு சேர்த்துப் பூச்சின் மேற்பரப்பையும் சீவுகிறது. குசினி வாசலில் ஒரு பிறைத் தடத்தை அதனால் இரண்டு நிமிடம் தேய்த்தேன். கறுப்பு சுத்தமாகப் போனது. அன்று பின்னேரம் மேற்கு வெயில் உள்ளே விழுந்தபோது, உள்ளங்கை அளவில் ஒரு வட்டம் தனியாகத் தெரிந்தது. இன்றும் அந்த நேரத்துக்குத் தெரிகிறது.

பளபளப்பான பூச்சில் இப்படித் தேய்த்த இடம் மங்கும். மங்கலான சாட்டின் பூச்சில் நேர்மாறாக, தேய்த்த இடம் மின்னும். இரண்டுக்குமே துடைத்துச் சரிசெய்யும் வழி இல்லை, மேலே ஒரு பூச்சுப் போட்டால்தான் சமனாகும். அதையும் அந்த வட்டத்தில் மட்டும் போட்டால் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியும். ஆகவே மெலமின் நுரையை எடுக்கத்தான் வேண்டும் என்றால் நனைத்து, பாரமே கொடுக்காமல், மூன்று நான்கு தடவை மட்டும் இழுத்துவிட்டு நிறுத்துங்கள். அதையும் முதலில் அலுமாரிக்கடியில் சோதித்துப் பார்த்துவிட்டு.

அறிகுறி: கோடு கறுப்பு இல்லை, பென்சில் கீறிய மாதிரிச் சாம்பல்

வோக்கர், கட்டில், மடக்குக் கதிரை எதன் காலையாவது தூக்கிப் பாருங்கள். காலின் நுனியில் மாட்டியிருக்கும் றப்பர்க் குப்பி தேய்ந்து ஓட்டையாகி உள்ளேயிருக்கும் அலுமினியக் குழாய் தரையைத் தொட்டிருக்கும். தொழிற்சாலையில் பூசி வரும் தரைகளின் மேற்படையில் அலுமினியம் ஒக்சைட் துகள் கலந்திருக்கும். அது அலுமினியத்தைவிட மிகக் கடினம், ஆகவே தரை கீறுப்படாமல் உலோகம்தான் தேய்ந்து கோடாக ஒட்டும். வெள்ளை அழிறப்பரால் பெரும்பகுதி போகும். மிச்சத்துக்கு ஈரத்துணியில் மிகக் கொஞ்சம் அப்பச்சோடா. ஆனால் முதல் வேலை குப்பியை மாற்றுவது. குப்பி ஓட்டையான வோக்கர் வழுக்கும்.

அறிகுறி: வெள்ளைக் கோடு

சூட்கேஸ் சில்லுகளில் அகப்பட்ட கல் இதைச் செய்யும். பல தடவை கறுப்புத் தடத்துக்கு அடியில் இது ஒளிந்திருக்கும். றப்பரை எடுத்த பிறகு வெள்ளைக் கோடு தெரியவர, தேய்த்ததால்தான் வந்தது என்று பயப்படுவோம். அப்படியில்லை, கல் முன்பே கீறிவிட்டது.

நகம் தடுக்காத வெள்ளைக் கோடு பூச்சுக்குள் மட்டும் இருக்கிறது. ஒளி உடைந்து சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. தரையின் நிறத்துக்குப் பொருந்தும் திருத்தப் பேனை அல்லது கீறல் மறைப்பான் கொஞ்சம் தடவி உடனே துடைத்தால் கண்ணுக்குப் படாது. நகம் தடுக்கி, உள்ளே வெளிறிய மரம் தெரிந்தால் முதலில் பேனையால் நிறம் கொடுத்து, பிறகு நிறமெழுகுக் குச்சியைத் தேய்த்து நிரப்பி, வங்கி அட்டையால் சமன் செய்யுங்கள். குச்சி வாங்கும்போது தரையைவிட ஒரு படி கடும் நிறமாக எடுங்கள், வெளிர் நிறத்தைவிட அது மறையும். பின்னர் முழு அறைக்கும் பூச நினைத்திருந்தால் மெழுகை அதிகம் பாவிக்காதீர்கள். மெழுகு இருக்கும் இடத்தில் புதுப் பூச்சு பிடிக்காது.

வோல்நட் (அக்ரூட்) பருப்பைத் தேய்த்தால் கீறல் மறையும் என்று சொல்வார்கள். மரம் வெளியே தெரியும் சின்னக் கீறலில் அதன் எண்ணெய் ஊறிக் கொஞ்சம் கறுக்கும், உண்மைதான். பூச்சுக்குள் மட்டும் இருக்கும் கீறலில் அதற்கு வேலை இல்லை. கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை தவழும் வீட்டில் அதை முயற்சிக்கவே வேண்டாம்.

அறிகுறி: வாசலடியில் வெண்படலம், தையிலும் மாசியிலும்

ரொறன்ரோவில் பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு சப்பாத்தோடு வந்து காய்ந்த அடையாளம். இதை உரசல் தடம் என்று நினைத்து உலரத் தேய்த்தால் உப்புப் பளிங்கே சான்ட்பேப்பர் ஆகிவிடும். முதலில் வாக்குவம். அப்புறம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கரைத்து எடுத்து, வேறு தண்ணீரில் இன்னொரு தடவை, உடனே உலரத் துடைத்தல். ஒரே வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்பத் துடைத்தால் உப்பைப் பரப்பத்தான் செய்வோம். கல்சியம் குளோரைட் கலந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், துடைத்த பிறகும் வழுவழுப்பாக இருக்கும், ஆகவே மூன்றாவது தடவையும் தேவைப்படலாம்.

வினாகிரி இதற்குக் கை கொடுக்கும். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, பருவத்தில் ஓரிரு தடவை. அதையே ஒவ்வொரு கிழமையும் தரை துடைக்கும் மருந்தாக்கினால் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சை மங்கவைக்கும். நீராவி மொப் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். சூட்டு நீராவி பலகை இடுக்குக்குள் புகுந்து மரத்தை ஊதவைக்கும்.

அறிகுறி: இன்று துடைத்தால் நாளைக்கே தடம், வெறும் கால் பட்டாலும் பதிகிறது

தடங்களைத் தனித்தனியாகத் துரத்தாதீர்கள். காரணம் தரைக்கு மேலே பூசியிருக்கும் மினுக்கு. துடைக்கும்போதே பளபளப்பு வரும் என்று விற்கும் திரவங்கள் மெல்லிய அக்ரிலிக் படலத்தை விட்டுச்செல்லும். அது பொலியூரிதேனைவிட மென்மை, எல்லாமே அதில் பதியும். மாதக்கணக்கில் படைமேல் படையாக ஏறியிருக்கும். அந்தப் போத்தலில் என்ன நீக்கியைப் பாவிக்கச் சொல்லியிருக்கிறது என்று பார்த்து, ஒரு மூலையில் சோதித்து, சிறுசிறு சதுரமாக எடுங்கள். பொறுமை வேண்டிய வேலை, எங்கள் சாப்பாட்டறைக்கு எனக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது. அதன் பிறகு அந்த அறையில் தடம் விழுவது பாதிக்கும் கீழே குறைந்தது.

புதிதாகப் பூசிய தரை என்றால் வேறு விளக்கம். எண்ணெய்ப் பொலியூரிதேன் ஒரு நாளில் தொட உலர்ந்தாலும் முழுதாக இறுகக் கிட்டத்தட்ட 30 நாள் எடுக்கும். தண்ணீர்ப் பூச்சு அதைவிட வேகம், ஆனாலும் ஓரிரு கிழமை வேண்டும். அதுவரைக்கும் கம்பளம் விரிக்காமல், கதிரையை இழுக்காமல் தூக்கி வையுங்கள். விழுந்த தடத்தை உலர் துணிக்கு மேல் எதனாலும் தொடாதீர்கள்.

அறிகுறி: எதற்கும் அசையாத கறுப்பு

பூச்சாடிக்கடியில் ஒரு கறுப்பு வளையம். பக்கத்து வீட்டு அக்கா அதை உரசல் தடம் என்று நினைத்துக் கம்பித்தும்பு போட்டுத் தேய்த்தா. அதுவரை வளையமாக இருந்தது, பிறகு அந்த இடமே கறுப்புப் புள்ளி புள்ளியாகிவிட்டது.

ஓக் மரத்தில் தனின் நிறைய இருக்கிறது. தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் தனின் கறுப்பாக மாறும். பழைய காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, கலம்காரித் துணியில் கறுப்பு ஏற்றுகிறார்களே, அதே வேலைதான் உங்கள் தரைக்குள் நடந்திருக்கிறது. பூச்சாடியின் இரும்புத் தாங்கியும் கசிந்த தண்ணீரும் சேர்ந்து மரத்துக்குள்ளேயே மை காய்ச்சிவிட்டன. கம்பித்தும்பின் தூள் இழைக்குள் தங்கி, அடுத்த ஈரத்தில் புதுப்புள்ளிகள் போட்டது. ஆகவே ஓக் தரையில் கம்பித்தும்பு எந்த நாளும் வேண்டாம்.

எப்படி இனங்காண்பது? மேலே நகம் வழுக்கும், அழிறப்பர்ச் சுருள் வெள்ளையாகவே வரும், வார்சோல் தொட்டாலும் துணி சுத்தமாக இருக்கும். கறுப்பு மரத்துக்குள். இதற்கு மருந்து ஒக்சாலிக் அமிலம், மர வெளிறி என்று விற்பார்கள். ஆனால் பூச்சை அந்த இடத்தில் இழைத்து எடுத்த பிறகுதான் அது உள்ளே இறங்கும். அது நஞ்சு. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது, காய்ந்த தூளை மூச்சில் எடுக்கக்கூடாது, பிள்ளைகள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். கறை போன பிறகு அமிலத்தை நன்றாகத் துடைத்தெடுத்து, உலரவிட்டு, நிறம் சேர்த்து மறுபடி பூச வேண்டும். எனக்கு இந்த இடத்தில் தரை இழைப்பவரைக் கூப்பிடுவதுதான் சரி என்று படுகிறது. அக்காவும் அப்படித்தான் செய்தா, மோசமான மூன்று பலகைகளை மட்டும் வெட்டியெடுத்து மாற்றினார்கள்.

அறிகுறி: நடைவழி முழுக்கச் சாம்பல் பூத்திருக்கிறது

தண்ணீர்த் துளி உறிஞ்சினால் பூச்சு முடிந்துவிட்டது, அழுக்கு மரத்துக்குள் போகிறது. துளி இன்னும் முத்தாக நின்றால் நேரத்தோடு பிடித்துவிட்டீர்கள். மேற்பரப்பை இலேசாகச் சொரசொரப்பாக்கி ஒரு பூச்சு மட்டும் போட்டால் போதும், ஒரு நாள் வேலை, இழைப்பதைவிட மிகக் குறைந்த செலவு. பூச்சே போய்விட்டால் முழுதாக இழைக்கத்தான் வேண்டும். முக்கால் அங்குலப் பலகையானாலும், பக்கத்துப் பலகையோடு பூட்டும் பொருத்துநாக்குக்கு மேலே இருப்பது ஏறத்தாழ கால் அங்குலம்தான். ஒவ்வொரு இழைப்பும் அதிலிருந்து கழியும், ஆகவே தள்ளிப்போட முடிந்த இழைப்பைத் தள்ளிப்போடுங்கள்.

தடம் மாதிரித் தெரிந்தாலும் தடம் அல்லாதவை

கம்பளம் எடுத்த இடம் வெளிறித் தெரிவது கறை அல்ல. வெளிச்சம் பட்ட மரமும் எண்ணெய்ப் பூச்சும் மஞ்சளிக்கும், மூடியிருந்த இடம் பழைய நிறத்தில் இருக்கும். சில மாதம் திறந்து விட்டால் நெருங்கிவரும். றப்பர் முதுகுள்ள மலிவு விரிப்புக்கடியில் மஞ்சளாகியிருந்தால் அது வேறு, றப்பரிலிருந்து கசிந்தது பூச்சில் ஏறிவிட்டது, துடைத்துப் போகாது. மஞ்சள்தூள் சிந்திய கறையை உடனே துடைத்துவிட்டு மிச்சத்தை வெயிலுக்கு விடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் தானே மங்கும். குளிர்காலத்தில் பலகைகளுக்கு இடையில் தோன்றும் கறுப்புக் கோடுகள் உலர்காற்றில் மரம் சுருங்கி விட்ட இடைவெளி. அதை அடைக்காதீர்கள், கோடையில் மரம் விரிந்து மூடிவிடும்.

மறுபடி விழாமல் இருக்க

கதிரைக் கால்களுக்கு ஒட்டும் கம்பளித் துண்டு நல்லது. ஆனால் அதில் மண் ஏறினால் அதுவே அரைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதிரையைக் கவிழ்த்துப் பார்த்து, தட்டையாகி இறுகியதை மாற்றுங்கள். வோக்கரின் காலில் ரெனிஸ் பந்து மாட்டுவதும் அப்படித்தான், பந்தின் மயிர் மண்ணைச் சேர்த்து வைத்திருக்கும். கொம்பியூட்டர்க் கதிரைக்குக் கடினமான பிளாஸ்ரிக் சில்லு வேண்டாம், மென்மையான பொலியூரிதேன் சில்லு தனியாகக் கிடைக்கும், இழுத்தால் பழையது கழன்று வரும், புதியதை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். விருந்தினர் சூட்கேஸை வாசலிலேயே படுக்கவைத்துச் சில்லுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே எடுங்கள்.

அம்மாவின் வோக்கருக்குக் கறுப்புக் குப்பிகளைக் கழற்றிவிட்டுச் சாம்பல் நிறக் குப்பிகள் போட்டிருக்கிறேன். தடம் விடாத வகை என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். அந்த வகையில் கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்கா கலப்பார்கள். வாங்கும்போது குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு போங்கள், அரைக்கால் அங்குலம் பெரிதானாலும் கழன்றுவிடும். மாற்றிய அன்று நான் குந்தியிருந்து கடைசிப் பிறைத் தடங்களை அழித்துக்கொண்டிருக்க, அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “நான் நடந்த வழியையெல்லோ பிள்ளை அழிக்கிறாய்” என்றா. “நீங்கள் நடவுங்கோ அம்மா, இனி விழாது” என்றேன். மாதத்தின் முதல் ஞாயிறு வோக்கரைக் கவிழ்த்து நான்கு குப்பிகளின் அடியையும் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். உள்ளே குழாயின் விளிம்பு கையில் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுகிறேன்.